எழுபது பெரியோரும் யவன மொழித் தவ்ராத்தும்



 

 

பேரேட்டில் ஒரு தொகை இடித்தால் நாம் பேரேட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருப்பதில்லை. சிட்டையைக் கொண்டு வா என்கிறோம். சிட்டையில் உள்ளது ஒன்று, பேரேட்டில் ஏறியது ஒன்று என்றால், உடனே கணக்கப்பிள்ளையைத் திருடன் என்று சொல்லி விடுவதுமில்லை. அவன் பார்த்து எழுதிய சிட்டை இதுதானா, வேறொரு சிட்டை இருந்ததா என்றும் விசாரிக்கிறோம். நாலு காசு விஷயத்தில் இவ்வளவு நிதானம் காட்டுகிற நாம், வேத விஷயத்தில் மட்டும் கேட்டதைக் கேட்டபடியே அடுத்தவன் காதில் போட்டு விடுகிறோம். இந்த மாதம் இதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

ஜொகூரில் நம் கடைகளுக்குக் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் வருகிறார்கள். தோட்டப்புறத்துத் தமிழரும் உண்டு, சீனரும் உண்டு. பேச்சுவாக்கில் வேத விஷயம் வந்து விடுகிறது. அப்போது இரண்டு விதமான பேச்சு அடிபடக் கேட்கிறோம். நம்மவரில் சிலர், "தவ்ராத்தை யவன மொழியில், அதாவது கிரேக்க மொழியில், பெயர்த்தவர்கள் கிறிஸ்தவர்கள்தாம். ஈஸா நபி (அலை) அவர்களுக்குப் பின்னால் தங்களுக்குச் சாதகமாக மாற்றி எழுதிக் கொண்டார்கள்" என்கிறார்கள். கைப்பேசியில் வந்த துண்டுச் செய்திதான் இதற்கு ஆதாரம். அந்தப் பக்கத்தில் சிலர், "எழுபத்திரண்டு பெரியோர்கள் தனித்தனி அறையில் அமர்ந்து மொழிபெயர்த்தார்கள். முடிவில் ஒத்துப் பார்த்தால் ஓர் எழுத்துக் கூட வித்தியாசமில்லை" என்கிறார்கள். இரண்டும் தராசில் நிற்காத பேச்சுக்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். வேதங்களை நம்புவது ஈமானின் பகுதி. ஒரு கூட்டத்தார் மீதுள்ள மனக்கசப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்ற கருத்தில் ஸூரத்துல் மாயிதாவில் ஆண்டவன் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அந்தக் கட்டளைக்குப் பிறருடைய நிலமும் பணமும் மட்டுமா உட்பட்டவை? பிறருடைய ஏட்டைப் பற்றி நாம் சொல்லும் சாட்சியும் உட்பட்டதே. பொய்ச் சாட்சி நம் மார்க்கத்துக்கு உதவியாகச் சொல்லப்பட்டாலும் பொய்ச் சாட்சிதான்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அபூஹுரைரா (ரலி) மூலம் பதிந்துள்ள ஒரு ஹதீது இவ்விடத்துக்கு மிகவும் பொருத்தம். வேதமுடையோர் தவ்ராத்தை எபிரேய மொழியில் ஓதி, முஸ்லிம்களுக்கு அதை அரபியில் விளக்கிச் சொல்வார்களாம். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், அவர்களை மெய்ப்பிக்கவும் வேண்டாம், பொய்ப்பிக்கவும் வேண்டாம், எங்களுக்கு அருளப்பட்டதையும் உங்களுக்கு அருளப்பட்டதையும் நம்புகிறோம் என்று சொல்லுங்கள் என்ற கருத்தில் கற்பித்தார்கள். இதை ஊன்றிக் கவனியுங்கள். அங்கே நடந்தது மொழிபெயர்ப்பு. மூலம் ஒரு மொழி, கேட்பவன் காதில் விழுவது வேறு மொழி. நடுவில் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் சொன்னது மூலத்தில் இருந்தாலும் இருக்கும், இல்லாமல் போனாலும் போகும். தெரியாத இடத்தில் நாக்கைக் கட்டு என்பதுதான் அந்தப் போதனை. தெரிந்து கொள்ள வழியுள்ள இடத்தில் தெரிந்து கொள்வதை அது தடுக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

மகா அலெக்சாந்தருக்குப் பிறகு மிஸ்ர் தேசம் யவன அரசர்களின் கைக்குப் போயிற்று. அவர்களில் இரண்டாமவன் தாலமி பிலதெல்பு என்பவன். கி.மு. 246 வரை ஆண்டவன். அவன் தலைநகரான அலெக்சாந்திரியாவில், நம் அரபி நூல்கள் இஸ்கந்தரிய்யா என்று சொல்லும் ஊரில், யூதர்கள் ஏராளமாகக் குடியேறி வியாபாரமும் உத்தியோகமும் பார்த்து வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு எபிரேயம் மறந்து போயிற்று. வீட்டிலும் கடைவீதியிலும் யவன மொழியே பேச்சு. இதை நாம் விளக்க வேண்டியதில்லை. நமது பாட்டனார் தமிழில் கடிதம் எழுதினார், நாம் தமிழில் கணக்கு எழுதுகிறோம், நம் பேரப்பிள்ளை மலாய்ப் பத்திரிகை படிக்கிறான், தமிழ் எழுத்தைப் பார்த்தால் முழிக்கிறான். அப்படிப்பட்ட தலைமுறைக்குத்தான் தவ்ராத்து யவன மொழியில் தேவைப்பட்டது.

அந்த மொழிபெயர்ப்பு உண்டான விதத்தைச் சொல்லும் பழைய தஸ்தாவேஜு ஒன்று உண்டு. அரிஸ்தியா என்ற அரண்மனை உத்தியோகஸ்தன் தன் சகோதரனுக்கு எழுதிய கடிதம் என்று அதற்குப் பெயர். அரசனுடைய நூல் நிலையத்துக்குத் தலைவனாயிருந்த தெமேத்திரியு என்பவன் யூதர்களின் சட்ட நூலும் இங்கே இருக்க வேண்டுமென்றானாம். அரசன் பைத்துல் முகத்தஸிலிருந்த பெரிய குருவுக்குத் தூதனுப்பினானாம். கோத்திரத்துக்கு ஆறு பேராக எழுபத்திரண்டு பெரியோர்கள் வந்து, பாரோஸ் என்ற தீவில் தங்கி, எழுபத்திரண்டு நாளில் வேலையை முடித்தார்களாம். இதனால்தான் அந்த மொழிபெயர்ப்புக்கு 'எழுபதின்மர் பெயர்ப்பு' என்று பெயர் நிலைத்தது.

இந்தக் கடிதத்தைச் சோதித்தவர்கள் கண்டதென்ன? தெமேத்திரியு என்பவன் பழைய அரசனுக்கு வேண்டியவன். பட்டத்துக்கு வேறொரு இளவரசனை ஆதரித்தவன். ஆகவே பிலதெல்பு பட்டத்துக்கு வந்ததுமே அவனை நாடு கடத்தி விட்டான். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட கணக்கப்பிள்ளை புது முதலாளியின் கீழிருந்து கையெழுத்துப் போட்டதாக ஒரு பத்திரம் வந்தால் நாம் என்ன சொல்வோம்? அதுதான் இங்கும். அந்தக் கடிதம் சம்பவ காலத்தில் கண்ணால் கண்டவன் எழுதியதல்ல. ஏறத்தாழ நூறாண்டுக்கு மேல் கழித்து, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரிய யூதர் ஒருவர் எழுதியது என்பது இன்றைய அறிஞர்களின் பொதுவான முடிவு. ஹம்ப்ரி ஹாடி என்ற ஆங்கிலேயக் கிறிஸ்தவ அறிஞரே பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இதை எடுத்துக் காட்டி விட்டார். இதை வெளிப்படுத்தியது அவர்களிலேயே ஒருவர் என்பதை நம்மவர் மறக்கலாகாது.

இன்னொரு வேடிக்கை. தனித்தனி அறை, எழுத்துப் பிசகாத ஒற்றுமை என்ற அற்புதம் அந்தக் கடிதத்திலேயே இல்லை. அதில் அவர்கள் கூடிப் பேசி, ஒருவர் செய்ததை ஒருவர் ஒப்பிட்டு, இணக்கத்துக்கு வந்ததாகத்தான் இருக்கிறது. சுமார் இருநூறு ஆண்டு சென்று பிலோ என்ற யூத ஞானி எழுதும்போது, எல்லாருக்கும் ஒரே சொல் உள்ளிருந்து உதித்தது என்றாகி விட்டது. அதற்கும் பிறகு தனித்தனி அறைகள் வந்து சேர்ந்தன. கராமத்துக் கதைகள் எவ்விதம் ஊருக்கு ஊர் நீளுமென்பது கந்தூரிப் பந்தலில் உட்கார்ந்து பழகிய நமக்குத் தெரியாததல்ல! பிலோ சொல்வதன்படி, அந்தத் தீவில் ஆண்டுதோறும் விழாவும் நடந்ததாம். யூதரும் மற்றவரும் கடல் தாண்டிப் போய் விருந்துண்டு திரும்புவார்களாம். பின்னாளில் கிறிஸ்தவர்கள் அந்த ஏட்டைக் கையிலெடுத்து வாதாடத் தொடங்கியதும் யூத ரப்பிகளின் மனம் மாறிற்று. தவ்ராத்து யவன மொழியில் பெயர்க்கப்பட்ட நாள் இஸ்ராயீல் மக்கள் காளைக்கன்றைச் செய்த நாளைப் போன்றது என்று எழுதி வைத்தார்கள். ஒரே நாள், ஒரு காலத்தில் திருவிழா, இன்னொரு காலத்தில் துக்கம்.

ஆனால் கதை பொய்யென்றால் மொழிபெயர்ப்பும் பொய் என்றாகாது. இந்த இடத்தில்தான் நம்மவர் சறுக்குகிறார்கள். பத்திரத்தில் சாட்சி போலியென்றால் நிலமே இல்லையென்று ஆகி விடுமா? நிலத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள். மூஸா நபி (அலை) அவர்களின் ஐந்து ஆகமங்களும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் மிஸ்ரில் யவன மொழிக்கு வந்தன என்றும், மற்ற நூல்கள் அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாக, வெவ்வேறு கைகளால், வெவ்வேறு தரத்தில் பெயர்க்கப்பட்டன என்றும் அறிஞர் பெரும்பாலோர் ஒப்புகிறார்கள். ருசு உண்டு. ஐந்தாம் ஆகமமாகிய உபாகமத்தின் யவனத் துண்டு ஒன்று, பாப்பைரஸ் என்ற நாணல் தாளில் எழுதப்பட்டது, மிஸ்ரில் கிடைத்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரைலண்ட்ஸ் நூல் நிலையத்தில் இருக்கிறது. அதன் எழுத்து கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்குரியது. கெய்ரோவின் புவாத் தொகுப்பில் கி.மு. முதல் நூற்றாண்டுத் தாள் ஒன்று உண்டு. அதில் வாசகம் யவன மொழி, ஆண்டவனுடைய திருநாமம் வருமிடத்தில் மட்டும் எபிரேய எழுத்து! எழுதியவர் யூதர் என்பதற்கு இதை விட என்ன வேண்டும்? சிராக்கின் ஞானம் என்ற நூலை யவன மொழிக்குக் கொண்டு வந்த பேரன் எழுதிய முன்னுரையும் இருக்கிறது. தாம் கி.மு. 132ல் மிஸ்ருக்கு வந்ததாகக் கணக்குக் கொடுக்கிற அவர், சட்டமும் நபிமார் ஆகமங்களும் ஏனைய நூல்களும் அதற்கு முன்பே யவன மொழியிலிருப்பதைக் குறிப்பிடுகிறார். எபிரேயத்தில் சொன்னது வேறு மொழிக்குப் போகும்போது அதே வலுவுடன் நிற்பதில்லை என்றும் மனம் விட்டு ஒப்புக் கொள்கிறார். நல்ல மனிதர்!

ஆகவே, கிறிஸ்தவர்கள் பின்னால் எழுதிக் கொண்டார்கள் என்ற பேச்சு ஈஸா நபி (அலை) அவர்களுக்கு நூறு, இருநூறு ஆண்டு முந்திய தாள்களின் முன்னால் நிற்க வழியில்லை. முழு ஏடாக நமக்குக் கிடைப்பவை மட்டும் கிறிஸ்தவர்கள் படியெடுத்தவை. வாத்திகான் ஏடும் சினாய் ஏடும் கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. படியெடுக்கும்போது அங்கங்கே கை பட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

இனி, நம்பகம் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்பவன் சரக்கைப் பிரித்துப் பார்க்காதவன்.

தாவூது நபி (அலை) அவர்கள் ஜாலூத்தைக் கொன்றதை குர்ஆன் ஷரீபில் ஸூரத்துல் பகராவில் ஓதுகிறோம். ஜாலூத்தின் உயரத்தை ஆண்டவன் அங்கே சொல்லவில்லை. யூதர்களின் வழக்கிலுள்ள எபிரேய ஏட்டில் அவன் உயரம் ஆறு முழம் ஒரு சாண். தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாக வாசித்து வரும் மொழிபெயர்ப்பு எபிரேயத்திலிருந்து வந்ததாகையால் அதிலும் ஆறு முழந்தான். யவன ஏடுகளில் பழமையானவற்றில் நான்கு முழம் ஒரு சாண். இரண்டு முழம் குறைகிறது! துணி அளந்து விற்கும் கடையில் இவ்வளவு குறைந்தால் விடுவார்களா? முழம் ஒன்றரை அடி என்று வைத்தால், ஒரு கணக்கில் அவன் ஒன்பதே முக்கால் அடி, மற்றதில் ஆறே முக்கால் அடி. நீண்ட காலமாக எல்லாரும், மொழிபெயர்த்தவன் நம்ப முடியாமல் குறைத்து விட்டான் என்றே எண்ணியிருந்தார்கள்.

பிறகு 1947ல் சாக்கடல் கரையில் கும்ரான் என்னுமிடத்தில் ஆடு மேய்க்கும் அரபி இளைஞர்கள் ஒரு குகையில் ஜாடிகளைக் கண்டார்கள். தொடர்ந்து பல குகைகளில் சுருள்களும் துண்டுகளுமாக ஏராளமாகக் கிடைத்தன. ஈஸா நபி (அலை) அவர்களுக்கு முன்னும் அவர்கள் காலத்தை ஒட்டியும் எழுதப்பட்ட எபிரேய ஏடுகள் அவை. 1952ல் கண்ட நான்காம் குகையிலிருந்து ஷமுவேல் நபி பெயரால் வழங்கும் ஆகமத்தின் எபிரேயப் பிரதியொன்று கிடைத்தது. அதில் ஜாலூத்தின் உயரம் என்ன தெரியுமா? நான்கு முழம் ஒரு சாண்! மொழிபெயர்த்தவன் குறைக்கவில்லை. அவன் கையிலிருந்த சிட்டையே அப்படித்தான் இருந்தது.

எரேமியா ஆகமமும் இவ்விதமே. யவனத்தில் அது எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியது, அதிகாரங்களின் வரிசையும் வேறு. சோம்பேறி மொழிபெயர்ப்பாளன் விட்டு விட்டான் என்றார்கள். கும்ரானில் அந்தச் சிறிய அளவோடு ஒத்துப் போகும் எபிரேயத் துண்டும் கிடைத்தது, பெரிய அளவோடு ஒத்துப் போகும் துண்டும் கிடைத்தது. அப்படியானால் அக்காலத்தில் யூதர்களிடமே ஒரு நூலுக்கு இரண்டு வித ஏடுகள் புழக்கத்திலிருந்தன என்றாகிறது. அதே சமயத்தில், அங்கே கிடைத்த ஏசாயாவின் நீண்ட சுருள், ஆயிரம் வருடத்துக்குப் பின் எழுதப்பட்ட யூத ஏட்டோடு பெருமளவு ஒத்துப் போகிறது. எல்லாம் மாறி விட்டது என்று சொல்கிறவனுக்கும் அங்கே பதிலுண்டு, எதுவுமே மாறவில்லை என்று சொல்கிறவனுக்கும் பதிலுண்டு.

மொழிபெயர்த்தவர் மீதே கணக்கு வைக்க வேண்டிய இடங்களும் இல்லாமலில்லை. ஆதம் நபி (அலை) முதல் நூஹ் நபி (அலை) வரை ஒவ்வொருவரும் பிள்ளை பெற்ற வயதில் பலருக்கு யவன ஏடு நூறு நூறு வருடம் கூட்டியிருக்கிறது. எபிரேயத்தில் ஆதமுக்கு 130 வயதென்றால், யவனத்தில் 230. இதனால் ஜலப்பிரளயம் எபிரேயக் கணக்கில் 1656ஆம் ஆண்டு, யவனக் கணக்கில் 2242ஆம் ஆண்டு என்று வந்து முடிகிறது. சில யவன ஏடுகளில் கூட்டல் இன்னும் இடறி, நூஹ் நபியின் பாட்டனார் பிரளயத்துக்குப் பிறகும் பதினாலு வருடம் உயிரோடிருந்ததாக ஆகிறது. கப்பலில் அவர் இல்லையே, எங்கே நீந்தினார் என்று பழைய காலக் கிறிஸ்தவப் பாதிரிமாரே தலையைச் சொறிந்திருக்கிறார்கள்.

ஏசாயாவில் ஒரு சொல்லைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. எபிரேயத்தில் 'அல்மா' என்றிருக்கிறது. இது நம் அரபியிலுள்ள 'குலாம்' என்ற சொல்லோடு உறவுடையது. இளம் பெண் என்பது பொருள். யவன மொழிபெயர்ப்பில் கன்னிப்பெண் என்று பொருள் தரும் சொல்லைப் போட்டார்கள். இது ஈஸா நபி பிறப்பதற்கு வெகு முன் நடந்தது. பிறகு கிறிஸ்தவர்கள் அதை முன்னறிவிப்பாகக் காட்ட, யூதர்கள் மொழிபெயர்ப்புப் பிழை என்று மறுத்தார்கள். நம்மவர் சிலர் இந்தச் சண்டையில் குதித்து யூதர் பக்கம் நின்று கைதட்டுவதைக் கண்டிருக்கிறோம். எதற்காக? மர்யம் (அலை) அவர்களின் கன்னிமையை நாம் ஒரு யவனச் சொல்லைக் கொண்டா நம்புகிறோம்? ஸூரத்து மர்யமைக் கொண்டு நம்புகிறோம். அந்தச் சொல் எப்படிப் போனாலும் நம் ஈமானில் ஒரு காசு ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

யவன ஏட்டின் குறைகளைக் கண்டு அதைச் சீர்ப்படுத்த முயன்றவர்களும் அக்காலத்திலேயே இருந்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அக்கீலா என்பவர் எபிரேயத்துக்குச் சொல்லுக்குச் சொல் நேராக மறுபடியும் பெயர்த்தார். வேறு இருவரும் முயன்றார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எபிரேயத்தையும் யவனப் பெயர்ப்புக்களையும் பக்கத்துக்கு ஆறு பத்தியாக எழுதி ஒப்பிட்டார். எபிரேயத்தில் இல்லாதது யவனத்தில் இருந்தால் ஓர் அடையாளம், யவனத்தில் விடுபட்டதை எபிரேயத்தைப் பார்த்துச் சேர்த்தால் நட்சத்திரம் போல் ஓர் அடையாளம். நாம் கணக்கு ஒத்துப் பார்க்கும்போது ஓரத்தில் போடும் குறி மாதிரிதான். பின்னால் படியெடுத்தவர்கள் அந்தக் குறிகளை விட்டு விட்டு எழுத்தை மட்டும் எழுதியதால் இரண்டும் கலந்து போயிற்று. திருத்த வந்த கணக்கே புதுக் குழப்பத்துக்கு வழியாயிற்று. ஆறு பத்தி ஏடும் முழுமையாக இன்றில்லை.

இந்த விசாரணையில் நம் முன்னோர் பின்தங்கியிருக்கவில்லை. குவாரிஸ்மில் பிறந்து, பிறகு இந்தியாவுக்கு வந்து வடமொழி கற்ற அல்பீரூனி (ரஹ்) அவர்கள் கி.பி. 1000 சுமாருக்கு எழுதிய 'அல் ஆஸாருல் பாகியா' என்ற நூலில் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். தவ்ராத்துக்கு மூன்று ஏடுகள் உண்டு: யூதர் கையிலுள்ளது, கிறிஸ்தவர் கையிலுள்ள எழுபதின்மர் ஏடு, ஸாமிரிய்யாக்கள் ஏடு என்று பிரித்து, பிரளயத்துக்கு மூன்றும் கொடுக்கும் ஆண்டுக் கணக்கை எழுதி ஒப்பிடுகிறார்கள். ஸாமிரிய்யாக்கள் கணக்கு 1307. எழுபத்திரண்டு பெரியோர் கதையையும் சொல்கிறார்கள். அந்தப் பெரியோர் அரசனுக்குப் பயந்து, வாசகத்தை வேண்டுமென்றே குழப்பித் தந்தார்கள் என்று யூதர்கள் சொல்வதையும் சொல்கிறார்கள். இரு தரப்பு வாக்குமூலத்தையும் பதிந்து விட்டு, எதனாலும் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை என்று விட்டு விடுகிறார்கள். அச்சுமில்லை, புகைப்படமுமில்லை, கும்ரான் குகையுமில்லை. ஏடுகளைத் தேடி, அந்தந்த மதத்தாரிடமே கேட்டு எழுதினார்கள். கைப்பேசியில் வந்ததை அரை விநாடியில் நூறு பேருக்கு அனுப்புகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் வேதமுடையோர் மாற்றினார்கள் என்று குர்ஆன் கூறுவதென்ன என்று கேட்பீர்கள். நம் ஆலிம்களுக்குள் இதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. எழுத்தையே மாற்றினார்கள் என்பது ஒன்று. குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்) போன்றோர் இதை வலியுறுத்தினார்கள். எழுத்தை விட்டு அர்த்தத்தைத் திரித்தார்கள், மறைத்தார்கள் என்பது மற்றொன்று. மதீனாவில் நடந்த சம்பவத்தை நாம் கேட்டிருக்கிறோம். விபசாரத்துக்குரிய தண்டனை பற்றித் தவ்ராத்தைக் கொண்டு வந்து ஓதச் சொன்னபோது, ஓதியவன் ஒரு வசனத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொண்டு முன்னும் பின்னும் ஓதினான். யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், கையை எடு என்றார்கள். கையை எடுத்தான். வசனம் அங்கேயே இருந்தது. ஏடு அழிக்கப்படவில்லை, கைதான் மறைத்தது. இரண்டில் எந்த அபிப்பிராயத்தைக் கொண்டாலும், இன்ன இடத்தை இன்னார் இன்ன வருடத்தில் மாற்றினார் என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனியே ருசு வேண்டும்.

அன்னியர் எழுத்தை அறிவதில் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய கவனத்தையும் பாருங்கள். யூதர்களோடு கடிதப் போக்குவரத்துக்கு யூதர்களையே நம்பியிருக்க மனமில்லாமல், ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை அந்த எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். வாலிபரான ஜைத் பதினைந்து நாளைக்குள் கற்றுத் தேர்ந்து, வந்த கடிதத்தைப் படிக்கவும் பதில் எழுதவும் தொடங்கினார். அதே ஜைத்தைத்தான் பிறகு அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்று சேர்க்கும் பணியில் அமர்த்தினார்கள். தமக்கே மனப்பாடமிருந்தும், எழுத்து வடிவிலும் பார்த்தே அவர் சேர்த்தார். மூலத்தை அம்மொழியிலேயே பாதுகாத்ததால்தான், நம்மில் அரபி தெரியாதவனும் தொழுகையில் அரபியிலேயே ஓதுகிறான். அப்துல் ஹமீது பாக்கவி (ரஹ்) அவர்கள் 1929ல் முதற்பாகத்தை வெளியிட்டுத் தொடங்கிய தமிழ்த் தர்ஜுமாவை வாசித்துப் பயனடைந்தவர் ஆயிரமாயிரம். அதைக் குர்ஆனென்று யாரும் சொன்னதில்லை, தர்ஜுமா என்றே சொன்னோம். அலெக்சாந்திரியாவில் நேர்ந்தது வேறு. அங்கே தர்ஜுமாவே மூலத்தின் ஆசனத்தில் ஏறிற்று.

மொழிபெயர்ப்பில் என்னென்ன நேரும் என்பதற்கு நாம் மிஸ்ருக்குப் போக வேண்டியதில்லை. மலாய் மொழியிலேயே சாட்சி இருக்கிறது. ருயில் என்ற டச்சு வியாபாரி 1612 சுமாருக்கு மத்தேயு எழுதிய சுவிசேஷத்தை மலாயில் பெயர்த்தார். 1629ல் அது ஹாலந்தில் அச்சாயிற்று. அத்திமரம் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புரியாதென்று வாழைமரம் ஆக்கி விட்டார். ஓநாய்க்குப் பதில் புலி! வியாபாரி அல்லவா, இல்லாத சரக்குக்குப் பதில் இருக்கிற சரக்கைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். பிறகு லெய்தெக்கர் தொடங்கி மற்றவர்கள் முடித்த முழு மலாய் பைபிள் 1733ல் வந்தது.

பின்னர் மலாக்காவில் இங்கிலீஷ் பாதிரிமார் அதைத் திருத்த முனைந்தபோது, அவர்களுக்கு மலாய் கற்பித்து உதவியவர் யார்? நம்மவரான அப்துல்லா முன்ஷிதான். எமன் தேசத்து அரபியான அவருடைய பாட்டனாரின் தகப்பனார் நாகூரில் வந்து மண முடித்தவர். முன்ஷி 1796ல் மலாக்காவில் பிறந்தார். அந்நாளில் மலாக்காவில் கணக்கு வழக்கெல்லாம் தமிழில் நடந்ததால், தகப்பனார் அவரைத் தமிழும் கற்க வைத்தார். பாதிரிமாரோடு பழகியதற்காக ஊரார் அவரைப் பரிகசித்தார்கள். அவர் மார்க்கத்தை விடவுமில்லை, வேலையில் குறை வைக்கவுமில்லை. தாம்சன் என்ற பாதிரியார் மொழிபெயர்த்த விதத்தைப் பற்றித் தமது 'ஹிக்காயத் அப்துல்லா'வில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். சொற்கள் மலாய்ச் சொற்கள், அடுக்கியிருக்கும் விதம் மலாய் அல்ல, எடுத்துச் சொன்னால் கேட்பதில்லை என்பது அவருடைய முறையீடு. 1849ல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த நூல் அது. இன்னொருவருடைய வேதந்தானே, எப்படிப் போனால் நமக்கென்ன என்று அவர் இருந்து விடவில்லை. வார்த்தை பிசகினால் அது பிசகு என்றார், அவ்வளவுதான்.

முன்ஷி 1854ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போய், திரும்பி வராமல் அந்தப் புனித பூமியிலேயே மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய புதல்வர் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி நமது ஜொகூருக்கு வந்து, சுல்தான் அபூபக்கர் அவர்களிடம் டத்தோ பெந்தாரா டாலம் என்ற பதவி வரை உயர்ந்து, 1904ல் காலமானார். தகப்பனாரைப் போல அவரும் தமது பயணங்களை நூலாக எழுதி வைத்திருக்கிறார். மலாய் வாசிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளிடம் இவ்விரண்டு நூல்களையும் வாங்கிக் கொடுத்து, கடை சாத்திய பிறகு நமக்கு வாசித்துக் காட்டச் சொல்லலாம்.